சிவப்புத் துணி கட்டிய புற்று

கிள்ளான் பள்ளத்தாக்கில் மழைக்குப் பிறகு முளைக்கிற அத்தனை காளானுக்கும் எனக்குப் பெயர் தெரியும். எது சோற்றுக்கு, எது சுடுகாட்டுக்கு என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவேன்.

பொய். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு காளான். அதுவும் காப்பார் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்த எந்த மடையனுக்கும் தெரிந்த புற்றுக்காளான். கறையான் புற்றில் முளைக்கும். தலை நடுவில் கூராக இருக்கும். பிடுங்கினால் புற்றுக்குள்ளிருந்து நீளமாக ஒரு வேர் கூடவே வரும். வறுத்தால் கோழியை மிஞ்சும். அவ்வளவுதான் என் படிப்பு. மூன்றாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் பிரிந்தோம். இரண்டு பேருமே அழவில்லை.

இந்தப் பொய்யை நான் இரண்டு பேரிடம் சொன்னேன். ஒருவர் நம்பினார், அதனால் காட்டுக்குப் போனேன். இன்னொருவர் நம்பவில்லை, அதனால் வசமாக மாட்டிக்கொண்டேன்.

நம்பியவர் ஒரு டீச்சர். வேலை ஓய்வு பெற்று, செந்தூலில் புதிதாக எழும்பிய கொண்டோ ஒன்றுக்குக் குடிவந்தார். சாமான் ஏற்றிப் போனது என் லோரி. லிப்டுக்குள் சும்மா நின்றால் எனக்கு வாய் அரிக்கும். அவருடைய பெட்டிகளில் பாதி, செடிகொடிப் புத்தகங்கள். முதுகு ஒடிந்த கடுப்பில், "இதெல்லாம் படிச்சா தெரிஞ்சுக்கணும் டீச்சர்? நாங்கல்லாம் காட்டுலயே வளந்தவங்க. காளானப் பாத்தாலே ஜாதகம் சொல்லிருவேன்" என்றேன். வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். டீச்சர், "அப்படியா தம்பி? ஞாயித்துக்கிழம வாங்க, எங்க நடைக்குழுவுக்கு உங்க மாதிரி ஒரு ஆள்தான் தேவை" என்றார்.

பிற்பாடுதான் தெரிந்தது, அவருக்குத் தேவைப்பட்டது என் அறிவு இல்லை, லோரி. மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, பசியாறத் தேவையான நாசி லெமாக் சோற்று மூட்டைகள், இவற்றை ஏற்ற ஒரு வண்டி வேண்டியிருந்தது.

அந்த நடைக்குழுவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எல்லாம் கொண்டோவாசிகள். இமயமலை ஏறப்போகிறவர்கள் மாதிரி இரண்டு கையிலும் கம்பு. ஊன்றுவதற்கு ஒரு மேடுகூட இல்லாத தரையில் டொக் டொக்கென்று ஊன்றிப் போவார்கள். காலில் மாட்டிய சிலுவார் முழுக்கப் பை, பையில் ஒன்றும் இருக்காது. முதுகில் தண்ணீர்ப் பை, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வாய்வரைக்கும் வரும். ஆஸ்பத்திரி வார்டு ஒன்று எழுந்து நடந்து வருகிற மாதிரி இருக்கும்.

இவர்கள் போன காடு ரவாங்கில் ஒரு தாமான் குடியிருப்புக்குப் பின்னால் இருந்தது. காடாவது ஒன்றாவது. பழைய ரப்பர் மரங்கள், நாங்கள் கித்தா என்போம். பால் வெட்டுவதை நிறுத்திய பிறகு கொடியும் புதரும் ஏறி மூடிக்கொண்டது. டீச்சர் அதை 'வனம்' என்றார். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். ஒவ்வொரு முறையும் நுழையுமுன் விசிலை ஊதி, கையை உயர்த்தி ஒரே சட்டம் சொல்வார்:

"படம் மட்டும்தான். ஒரு எலயக்கூட கிள்ளக் கூடாது. எடுத்தவங்க அடுத்த தடவ வரக் கூடாது."

முதல் நடை சீனப் பெருநாள் முடிந்த வெயிலில். கித்தா மரமெல்லாம் இலை உதிர்த்துவிட்டு எலும்பாக நின்றது. காய் வெடித்துத் தலையில் விழுந்தது. காளான் என்று இருந்தது ஒன்றே ஒன்று, செத்த மரத்தில் ஒட்டிக்கொண்டு, உடைந்த பீங்கான் தட்டு மாதிரி, தட்டினால் டங் என்றது. அதைச் சுற்றி அத்தனை பேரும் படுத்துவிட்டார்கள். உட்காரவில்லை, படுத்துவிட்டார்கள். கேமரா அங்கிள் ஒருவர் இருந்தார், முன்னாள் பேங்க்காரர், கேமராவுக்கு அவர் கழுத்தைவிடப் பெரிய வாய். அவர் மண்ணில் கன்னத்தை வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்:

"தம்பி, இது பேரு என்ன?"

"தட்டுக்காளான்" என்றேன். அவர் அதைக் கைப்பேசியில் பதிந்துகொண்டார். தட்டு மாதிரி இருந்தது, சொன்னேன். படித்தவர்களை ஏமாற்றுவது இவ்வளவு சுலபம் என்று முன்பே தெரிந்திருந்தால் லோரி ஓட்டியிருக்கவே மாட்டேன்.

இரண்டாவது நடை சித்திரை மழையில். அன்றைக்குக் காடு உண்மையிலேயே வேறு ஆளாக இருந்தது. விழுந்த கிளைகளில் குட்டிக் குட்டிச் சிவப்புக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு மழைத் தண்ணீர், அதில் ஒரு கொசு நீச்சல் பழகிக்கொண்டிருந்தது. பட்ட மரம் முழுக்க ஈரமான காதுகள், நாம் பேசுவதை ஒட்டுக் கேட்கிற மாதிரி. ஓர் இடத்தில் வெள்ளை வலைப் பாவாடை கட்டிக்கொண்டு ஒன்று தனியாக நின்றது. பார்க்க அத்தனை அழகு. பக்கத்தில் போனால் செத்த எலி நாற்றம், தலையெல்லாம் ஈ.

அதன் முன்னாலும் கேமரா அங்கிள் குப்புற விழுந்தார்.

"இது?"

"மணப்பெண் காளான், அங்கிள்."

"ஏன் தம்பி இப்டி நாறுது?"

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்துட்டாங்க போல."

டீச்சர் கைப்பேசியை எடுத்துக் காளானுக்கு நேராகப் பிடித்தார். அதுதான் இப்போது இவர்களுக்குக் காட்டுக்குள் வழிகாட்டி. அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொல்லி, 'இருக்கலாம்' என்றது. அடுத்த காளானுக்கும் 'இருக்கலாம்' என்றது. சாப்பிடலாமா என்று கேட்டால் அதற்கும் 'இருக்கலாம்.' எங்கள் தோட்டத்தில் 'இருக்கலாம்' என்று காளான் தின்றவன் யாரும் அடுத்த தீபாவளிக்கு இருந்ததில்லை.

டீச்சர் கைப்பேசியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, நீங்க சொல்ற பேரெல்லாம் நீங்களா வைக்கிறதுதானே?"

"கண்டுபுடிச்சிட்டீங்களா?"

"முதல் நாளே. ஆனா பொருத்தமா இருக்கு. அந்த ஐஸ் பெட்டிய எடுத்துட்டு வாங்க."

அவ்வளவுதான் எனக்கு மரியாதை. இருந்தாலும் நான் போய்க்கொண்டுதான் இருந்தேன். லோரி வேலை இல்லாத நாளில் வீட்டில் இருந்தால் மனைவி அலமாரியை நகர்த்தச் சொல்வாள். அதற்கு அட்டை கடிக்கிறதே மேல்.

இப்போது நம்பாதவருக்கு வருகிறேன். என் மாமனார். காப்பாரில் செம்பனைக் குலை வெட்டிய கை. என்னைக் கல்யாணத்தன்று பார்த்த அதே பார்வையில்தான் இன்றுவரைக்கும் பார்க்கிறார்: எடை குறைவான குலையை லோரியில் ஏற்றலாமா, வேண்டாமா என்று யோசிக்கிற பார்வை. போன வருடம் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், மழை கொட்ட ஆரம்பித்த நேரம், அவருக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து, கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். காய்ச்சல் போய்விட்டது. போகும்போது அவருடைய நாக்கையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

எதை வைத்தாலும் தள்ளினார். கஞ்சி, ரசம், மீன் தலைக் கறி, தோசை. "செவுத்த நக்குன மாதிரி இருக்கு" என்பார். மனைவி சமையலறைக்கும் அவர் அறைக்கும் நடந்து நடந்தே இளைத்தாள். அவர் இளைத்ததைச் சொல்ல வேண்டாம். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. இப்படியே போனால் மறுபடியும் சேர்த்து டிரிப் ஏற்ற வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார். "அங்க போனா நான் திரும்பி வர மாட்டேன்" என்று மாமனார் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. சும்மா தகவல் மாதிரி சொன்னார். என் மனைவி அன்று அடுப்பங்கரையில் வெங்காயம் இல்லாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் அவராகவே வாய் திறந்தார்.

"புத்துக்காளான் இருந்தா ஒரு வாய் பாக்கலாம்."

மனைவி பாசாருக்கு ஓடினாள். பிளாஸ்டிக் தட்டில் அடுக்கி வைத்த காளானை வாங்கி வந்து வறுத்தாள். அவர் ஒரு துண்டை வாயில் போட்டு, அப்படியே எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "இது பஞ்சு" என்றார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். நின்றவன் சும்மா நின்றிருக்கலாம். "இவ்ளோதானா மாமா? மொதல்லயே சொல்லக் கூடாது? நான் காட்டுக்குப் போயிட்டு வர்றவன். எங்க மொளைக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்று ஆரம்பித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு ருசி தெரிந்தது. ஆளை மட்டம் தட்டுகிற ருசி.

"நீயா? நீ பாசார்ல கத்திரிக்கா வாங்குனாலே புழுவுக்கும் சேத்துத்தான் வாங்கிட்டு வருவ."

"கொண்டு வரேன் மாமா, பாருங்க."

"கொண்டா. பாப்போம்."

அறையை விட்டு வந்ததும் மனைவி என் சட்டையைப் பிடித்தாள். "ஏங்க, வாய் கிழியப் பேசுவீங்கல்ல எப்பவும்? இந்த ஒரு தடவ மட்டும் உண்மையாக்கிருங்க. நான் வேற எதுவும் கேக்க மாட்டேன்." அலமாரியைப் பற்றி அவள் பேசவே இல்லை.

மூன்றாவது நடை அந்த வாரக் கடைசியில் வந்தது. இந்தத் தடவை சனிக்கிழமை. முந்தின இரண்டு நாளும் இடியோடு மழை, அன்றைக்குப் புழுக்கம். புற்றுக்காளானுக்குப் பிடித்த பருவம். மற்றவர்கள் வழக்கம்போல ஏதோ ஒரு பாசியைச் சுற்றிப் படுத்துக்கொண்டிருக்க, நான் பாதைக்கு இரண்டு பக்கமும் கண்ணை மேயவிட்டுப் போனேன். ஒரு பெரிய கித்தா மரத்துக்குப் பின்னால், என் இடுப்பளவு உயரத்தில் ஒரு கறையான் புற்று. அதன் அடியைச் சுற்றி மண் லேசாக வெடித்திருந்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் சாம்பல் நிறத்தில் ஒரு கூர், கோழிக்குஞ்சு முட்டை ஓட்டைக் கொத்திக்கொண்டு அலகை நீட்டுகிற மாதிரி.

எங்கள் தோட்டத்தில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. புற்றுக்காளானைக் கண்டால் கையை நீட்டிக் காட்டக் கூடாது. பேரைச் சொல்லிக் கத்தக் கூடாது. மீறினால் அடுத்த மழைக்கு அது அங்கே முளைக்காது. சின்ன வயதில் தெரியாமல் கை நீட்டியவனை, நீட்டிய விரலை அவனே கடித்துக்கொள்ளச் சொல்வார்கள். ரத்தம் வரும்வரைக்கும் விட மாட்டார்கள். ஆக நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, புற்றை மறைத்து நின்றேன். எனக்கு வாய் மூடி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வாள்.

டீச்சர் வந்தார். "என்ன தம்பி, இப்டி வேர்க்குது? அங்க என்ன?"

"வயிறு சரியில்ல டீச்சர். ஒரு மாதிரி வருது."

குழு மொத்தமும் அடுத்த திருப்பம்வரைக்கும் கம்பை ஊன்றாமலே ஓடிவிட்டது. படித்தவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விளக்கம் தேவைப்படாது.

அப்போதே பிடுங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அலகு மட்டும் வெளியே தெரிகிறபோது பிடுங்கினால் கையோடு நுனிதான் வரும், மீதி மண்ணுக்குள் அழுகும். விடிந்தால் தண்டு நீண்டு, மொட்டு மேலே வந்து நிற்கும். வெயில் ஏறுமுன் எடுத்தால் தேவாமிர்தம். மத்தியானம் ஆனால் விரிந்து கிழிந்து புழு வைத்துவிடும். ஆக விடியற்காலையில் நான் அங்கே இருக்க வேண்டும். அதுவரைக்கும் வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. அந்தப் பாதையில் தாமான் ஜனமெல்லாம் நடக்க வரும்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்கிறபோதெல்லாம் எனக்குக் கெட்ட நேரம்.

லோரியில் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற இரும்புக்குக் கட்டுகிற சிவப்புத் துணி ஒன்று கிடந்தது. அதைக் கொண்டுவந்து ஒரு குச்சியில் கட்டிப் புற்றின் உச்சியில் நட்டேன். லோரி முன்னால் தொங்குகிற எலுமிச்சம்பழத்தையும் அறுத்துக் கொண்டுவந்து அடியில் வைத்தேன். பார்க்கிறவன், இங்கே ஏதோ இருக்கிறது, நமக்கு எதற்கு வம்பு என்று ஒதுங்கிப் போவான். நான் செய்த காரியத்தை நானே தூர நின்று பார்த்து மெச்சிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய், "நாளைக்கு மாமா, பசியாற" என்றேன். அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்குக் கஞ்சியும் உள்ளே போகவில்லை.

மறுநாள், பொழுது புலர்கிற நேரம். கித்தா மரங்களுக்கு நடுவில் பனிமூட்டம். பாதையில் திரும்பினேன். மரத்துக்குப் பின்னால் தீ எரிந்தது.

கற்பூரம்.

புற்று முழுக்க மஞ்சள் பூசியிருந்தது. வேப்பிலைக் கொத்து. வெற்றிலை மேல் முட்டை. ஒரு பொட்டலம் பால், மூலை வெட்டி ஊற்றியது பாதி, மீதி பொட்டலத்தில். ஊதுபத்தி. என் எலுமிச்சம்பழத்தை யாரோ இரண்டாக அறுத்துக் குங்குமம் தடவி வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் சுற்றி என் காளான்கள், மொட்டும் விரிந்ததுமாக, சின்ன வெள்ளைக் குடைகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு குங்குமப் பொட்டு.

முன்னால் டிராக்சூட் போட்ட ஆன்டி ஒருவர் கண் மூடிக் கைகூப்பி நின்றார். பக்கத்தில் தாமான் ஜாகா, இரவுக் காவல் முடிந்த சீருடையோடு, சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றார்.

"போஸ், செருப்ப கழட்டுங்க" என்றார் ஆன்டி, கண்ணைத் திறக்காமலே.

கழற்றினேன். நான் நட்ட குச்சிக்கு முன்னால், நான் கட்டிய துணிக்கு முன்னால், என் செருப்பைக் கழற்றினேன்.

"இது... எப்பலேருந்து ஆன்டி?"

"ரொம்ப காலமா இருக்கு. சக்தி உள்ள அம்மா. கொட பிடிச்சு வந்துருக்கா பாருங்க."

"எங்க தாத்தாவே இங்கதான் கும்பிட்டாரு, அண்ணே" என்றார் ஜாகா.

லோரித் துணியின் ஓரத்தில் கறுப்பு எண்ணெய்க் கறை அப்படியே தெரிந்தது. போன வாரம் டயர் மாற்றியபோது கை துடைத்தது. அந்தக் கறைக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பேரும் அசையாமல் கும்பிட்டார்கள். நான் மட்டும் எப்படிக் குனிந்து பிடுங்குவது? சரி, பக்தர்கள் போகட்டும் என்று நானும் கைகூப்பினேன்.

போகவில்லை. கோயிலில் நம் ஜனம் இத்தனை நேரம் கும்பிட்டு நான் பார்த்ததே இல்லை. ஐயர் தீபம் காட்டுமுன்னே பாதிப் பேர் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விடுவார்கள். இங்கே என்னடா என்றால் ஆன்டி ஒரு கண்ணைத் திறந்து ஜாகாவைப் பார்க்கிறார். ஜாகா ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறார். நான் ஒரு கண்ணைத் திறந்தபோதுதான் அது கண்ணில் பட்டது: ஆன்டியின் டிராக்சூட் பையிலிருந்து பிளாஸ்டிக் பையின் காது நீட்டிக்கொண்டிருந்தது. ஜாகா தன் மோட்டார் தொப்பியைக் கவிழ்க்காமல் மல்லாக்க வைத்திருந்தார், உள்ளே செய்தித்தாள் விரித்து.

அட பாவிகளா.

ஒருத்தருக்கும் அம்மன் தெரியவில்லை. எல்லாருக்கும் காளான் தெரிந்திருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் நடக்க வந்த ஆன்டி சிவப்புத் துணியைப் பார்த்திருக்கிறார், அடியில் அலகைப் பார்த்திருக்கிறார். நான் நினைத்ததையேதான் அவரும் நினைத்திருக்கிறார்: யாரும் தொடக் கூடாது, இன்னும் கொஞ்சம் பயமுறுத்தி வைப்போம். மஞ்சள் பூசிவிட்டுப் போனார். பிறகு ரோந்து வந்த ஜாகா மஞ்சளையும் பார்த்தார், காளானையும் பார்த்தார், தன் பங்குக்கு முட்டை வைத்தார். ஒரு திருடன் போட்ட பூட்டின் மேல் இன்னொரு திருடன் பூட்டுப் போட்டு, அதற்குத்தான் கோயில் என்று பெயர்.

பின்னால் சருகு மிதிபடுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். டீச்சர். கம்பு இல்லை. விசில் இல்லை. கையில் துணிப்பை.

"வாங்க டீச்சர். படம் எடுக்கவா?"

"ம்... ஆமா. படந்தான்."

"போன் எங்க?"

"கார்ல வச்சிட்டேன்."

"பை எதுக்கு டீச்சர்?"

டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வகுப்பே எழுந்து பெஞ்சு மேல் நின்றிருக்கும். "எங்கப்பா தோட்டத்துல கணக்கெழுதுற கிராணியா இருந்தவரு. மழைக்கு நாங்களும் பொறுக்கித் தின்னவங்கதான். நேத்து நீங்க வயித்த பிடிச்சிட்டு நிக்கல தம்பி, புத்த மறச்சிட்டு நின்னீங்க. எனக்குத் தெரியாதா?"

ஆக நான்கு பேர் கைகூப்பி நின்றோம். யாரும் முதலில் குனியத் தயாராக இல்லை. முதலில் குனிகிறவன்தான் திருடன், மற்றவர்கள் பக்தர்கள். அதுதான் அங்கே எழுதாத சட்டம். வெயில் மரத்துக்கு மேலே வந்தது. விரிந்த காளான்களின் ஓரம் பிரிந்து கிழிய ஆரம்பித்தது. ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. எனக்கு அந்த ஈயைப் பார்த்ததும் மாமனாரின் சட்டைக் காலர் ஞாபகம் வந்தது, கழுத்துக்கும் அதற்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. மானம் கெட்டால் கெடட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"இந்தாங்க, நான் சொல்லிர்றேன். துணி என்னோடது. எலுமிச்சங்காயும் என்னோடது. டிங்கி வந்து எங்க மாமனாரு ஒண்ணும் சாப்பிட மாட்டேங்கிறாரு. இதத்தான் கேட்டாரு."

டீச்சர்தான் சிரித்தார். "நேத்து வயிறு. இன்னிக்கு மாமனாரா?"

"நல்ல கத லா, அண்ணே" என்றார் ஜாகா.

ஆன்டி கையைக் கூப்பியபடியே சொன்னார்: "எனக்குந்தான் மாமனாரு இருக்காரு, போஸ். செத்துட்டாரு. இருந்தாலும் இருக்காரு."

வாழ்நாள் முழுக்கப் பொய் பேசியதன் கூலி அன்றைக்குக் கைமேல் கிடைத்தது. ஒரே ஒரு உண்மை சொன்னேன், அதை வாங்க ஆள் இல்லை. கைப்பேசியை எடுத்து மனைவிக்கு வீடியோ கால் போட்டேன். "அப்பாகிட்ட குடு."

திரையில் மாமனாரின் முகம் வந்தது. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிசாக. மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஆன்டியின் கை தானாகக் கீழே இறங்கியது.

"என்ன மாப்ள, கத்திரிக்காயா?"

"இல்ல மாமா. பாருங்க."

கைப்பேசியைப் புற்றுக்கு நேராகப் பிடித்தேன். திரையிலிருந்து அவர் குரல் வந்தது.

"கிட்ட காட்டு. இன்னும் கிட்ட. எவன்டா காளான் நெத்தியில பொட்டு வச்சது? அதுக்கென்ன நிச்சயதார்த்தமா?"

"அது... பக்தருங்க வச்சது மாமா."

"எங்க, பக்தருங்கள காட்டு."

திருப்பினேன். ஆன்டி, ஜாகா, டீச்சர், வரிசையாக.

"சாமி கும்பிட வந்தவங்க கையில ஏம்மா பையி?"

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். முதலில் திரையில்தான் சிரிப்பு வந்தது. கரகரவென்று, பழைய மோட்டார் கிளம்புகிற மாதிரி. சிரித்துச் சிரித்து இருமினார். மனைவி பதறித் தண்ணீர் கொடுத்தாள். ஒரு டம்ளர் முழுக்க மடமடவென்று குடித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக ஒரு டம்ளர் தண்ணீருக்கு அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தோம்.

வாயைத் துடைத்துக்கொண்டு பங்கு பிரித்தார். "மொட்டெல்லாம் எனக்கு. விரிஞ்சது அவங்க மூணு பேருக்கும். புத்த ஒடைக்காம எடுங்க. துணி கட்டுனானே, அவனுக்கு ஒண்ணும் கெடையாது."

யாரும் மறுக்கவில்லை. ஆன்டியே மண்டியிட்டு, விரலை மண்ணுக்குள் விட்டு, ஒவ்வொரு மொட்டையும் வேரோடு நோகாமல் எடுத்து என் தொப்பியில் போட்டார். "பெரியவருக்கு மொளகு தூக்கலா போடச் சொல்லுங்க" என்றார். டீச்சர் கேரியர் அடுக்குகிற மாதிரி காளானை அடுக்கிக்கொண்டே, "குழுவுல யாருக்கும் சொல்ல வேணாம் தம்பி" என்றார். ஜாகா வெற்றிலை மேலிருந்த முட்டையையும் சேர்த்துத் தன் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார், அவர் வைத்ததுதானே. நான் துணியை அவிழ்க்கப் போனேன். மூன்று பேரும் ஒரே குரலில், "இருக்கட்டும்!" என்றார்கள். அடுத்த மழைக்கு.

கோயில் திறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் அம்மனின் குடையை எல்லாம் பங்கு போட்டுக் கொண்டுபோய்விட்டோம். இந்தக் கேவலத்தை வேறு யாராவது செய்வார்களா சொல்லுங்கள்.

வீட்டில் மனைவி குங்குமத்தைக் கழுவி, நீளமாகக் கிழித்து, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், மஞ்சள், ஆன்டி சொன்னபடி மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தாள். வாசம் மாமனாரின் அறைக்குள் போனது, கட்டில் முனகியது. அவர் தானாக எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தார். சுடுசோற்றில் பிசைந்தார். முதல் வாய் உள்ளே போனது. மென்றார். நானும் மனைவியும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கினார். தட்டைப் பார்த்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார், பார்த்துவிட்டு...

இருங்கள், வாசலில் ஹாரன் அடிக்கிறது. என் லோரி ஹாரன். மாமனார்தான், உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டு கையை எடுக்காமல் அமுக்குகிறார். சட்டை இப்போது அவருக்கு இறுக்கம், மேல் பொத்தான் போட முடிவதில்லை.

"மாப்ள! மழ வுட்டு ஒரு நாளாச்சு, உள்ள என்ன எழுதிக் கிழிக்கிற? அந்த டிராக்சூட் அம்மா போறதுக்குள்ள போகணும்!"

"வரேன் மாமா!"

"கற்பூரத்த எடுத்துக்க! பைய உள்ள மறச்சு வை!"